மாசி பிறந்ததும் எங்கள் மூத்தோரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்

லண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலய அறங்காவலர் சபைகள், தமிழ்ப் பாடசாலைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளே,

வணக்கம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பேருந்து பிடித்து மூத்தோரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறீர்கள். விளையாட்டு விழாவில் அவர்களுக்கென்று முன்வரிசையில் கதிரை போடுகிறீர்கள். கலைவிழா மேடையில் பொன்னாடை போர்த்துகிறீர்கள். இவற்றையெல்லாம் ஊதியம் எதுவுமின்றி, வேலை முடிந்து வந்த களைப்போடு, இரவிரவாகக் கூடிப் பேசித் திட்டமிட்டுச் செய்கிறவர்கள் நீங்கள். அந்த உழைப்பை அருகிலிருந்து கண்டவன் என்ற உரிமையில்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடியும்வரை, வாரத்துக்கு ஒருமுறை, வார நாளொன்றின் முற்பகலில், பத்துப் பேருக்கு மேற்படாத சிறு குழுவாக எங்கள் மூத்தோரை ஒரு பொதுப் பூங்காவில் மெல்ல நடக்க அழைத்துச் செல்லுங்கள். கோடையில் ஒருநாள் போகும் நீண்ட பயணத்தைவிட, குளிர் விலகத் தொடங்கும் இந்த ஆறு வாரங்களில் மெதுவாக நடக்கும் ஒரு மணிநேரமே அவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

குளிர்காலத்தில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது நம் எல்லோருடைய வீடுகளிலும் நடப்பதுதான். டிசம்பர் நடுவில் லண்டனில் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. மகனும் மருமகளும் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு விட்டுவந்த பிறகு, வெப்பமூட்டியின் கட்டணத்தை நினைத்து ஓர் அறைக்கு மட்டும் சூடு வைத்துக்கொண்டு, தொலைக்காட்சித் தொடருக்கும் தொலைபேசிக்கும் இடையில் பகல் கழிகிறது. கோயிலுக்குப் போனாலும், கலியாண மண்டபத்துக்குப் போனாலும், வாசலில் கார் ஏறி வாசலில் இறங்குகிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை மண்ணில் கால் வைக்காமலும், கண்ணெட்டும் தூரத்துக்கு ஒரு பச்சையைப் பார்க்காமலும் ஐந்து மாதங்கள் போய்விடுகின்றன. ஊரில் இருந்தபோது விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய், வளவைக் கூட்டி, சுவாமிக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்து, வேலிக் கதியாலில் பூசணிக்கொடி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் தேத்தண்ணி குடித்தவர்கள் இவர்கள். நடையென்று தனியாகப் பெயர் வைக்காமலே நாளெல்லாம் நடந்த அந்த உடம்புகள் இங்கே ஒரு மேல்மாடி அறைக்குள் அடைபட்டுப் போயின. முழங்கால் நோ, தூக்கமின்மை, பசியின்மை, ஒன்றிலும் மனம் ஒட்டாமை என்று வைத்தியரிடம் அவர்கள் சொல்லும் குறைகளில் எத்தனையோ இந்த அடைப்பில்தான் தொடங்குகின்றன.

கோடை வரட்டும் என்று காத்திருப்பதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கலாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன் இருண்ட வானம், மார்ச் முதல் வாரத்தில் மாலை ஐந்தரை தாண்டியும் வெளிச்சமாக இருக்கிறது. மார்ச் மாதத்தில் பகல் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் நீள்கிறது. ஆண்டில் இதைவிட விரைவாகப் பகல் வளரும் காலம் இல்லை. ஒளியை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், வீட்டு விளக்கின் ஒளி சில நூறைத் தாண்டுவதில்லை. மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளி இருக்கும். தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துகிற உடலின் உட்கடிகாரம் அந்த வெளிச்சத்தை, அதிலும் முற்பகல் வெளிச்சத்தைக் கண்வழியாக வாங்கித்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஜூலையில் எப்படியும் அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். பெப்ரவரி, மார்ச்சில்தான் வெளிச்சம் திரும்பி வந்திருக்க, அவர்கள் மட்டும் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியது அப்போதுதான்.

மாசி வெயிலில் நடந்தாலே வைட்டமின் டி கிடைத்துவிடும் என்ற தவறான எண்ணம் எங்கள் ஆட்களிடையே பரவியிருப்பதால், அதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் மார்ச் இறுதி அல்லது ஏப்ரல் தொடக்கம் வரை, தோலில் வைட்டமின் டி உருவாகப் போதுமான வலு வெயிலுக்கு இல்லை. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுப்பது பற்றி எல்லோரும் யோசிக்க வேண்டும் என்றும், எங்களைப் போன்ற கருந்தோல் கொண்டவர்களும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களும் ஆண்டு முழுவதும் எடுப்பதைக் கருத வேண்டும் என்றும் தேசிய சுகாதார சேவை அறிவுறுத்துகிறது. ஆகவே மாசி மாதத்து நடை மாத்திரைக்கு ஈடாகாது. அந்த நடையால் கிடைப்பவை வேறு: கண்ணுக்கு ஒளி, காலுக்கு அசைவு, மனதுக்கு ஓய்வு, பேச்சுக்குத் துணை.

மனதுக்கு ஓய்வு என்று நான் சொல்வதற்கு ஆய்வுகளின் துணையும் உண்டு. ரொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் 1972-க்கும் 1981-க்கும் இடையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்து, சன்னல் வழியே மரங்களைப் பார்க்கக் கிடைத்த 23 பேரையும், செங்கற்சுவரை மட்டுமே பார்க்கக் கிடைத்த 23 பேரையும் வயது முதலியவற்றால் இணை இணையாக ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலி மாத்திரைகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர், இடைவிடாமல் ஒன்றில் குவித்துக் களைத்த கவனம், இலையசைவையும் நீரலையையும் போல வலிந்து இழுக்காதவற்றைப் பார்க்கும்போது தன்னைத்தானே மீட்டுக்கொள்கிறது என்று விளக்கினார்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைவெளியில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகத் தெரிவித்தார்கள் என்கிறது. அந்த நேரத்தை ஒரே முறையில் கழித்தாலும் பல முறைகளில் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கக்கூடும். என்றாலும், வீட்டிலிருந்து ஒரு மணிநேரம் வெளியே வந்த மூத்தவர் ஒருவரின் முகத்தை அருகிலிருந்து பார்த்தவருக்கு அந்த ஆய்வின் திசை புதிதாக இராது.

எங்கே போவது என்று கேட்டால், முதலில் கியூ தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். 1759-இல் இளவரசி ஒகஸ்டாவின் காலத்தில் சிறு தோட்டமாகத் தொடங்கி, 1840-இல் அரசுடைமையாகி, 2003-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. ஏறத்தாழ 320 ஏக்கர் பரப்பு. மூத்தோரைக் கூட்டிச் செல்கிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய பகுதி விக்டோரியா வாயிலுக்குள் நுழைந்ததும் எதிரிலேயே இருக்கிறது. அந்த வாயிலிலிருந்து வில்லியம் மன்னர் மண்டபம் என்று சொல்லப்படும் சிறு கட்டடத்தை நோக்கிய புல்வெளியில், 1987-இல் இலட்சக்கணக்கான குரோக்கஸ் கிழங்குகளை நட்டார்கள். பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, ஒரு சாண் உயரம்கூட வராத அந்தப் பூக்கள் ஊதாவும் வெள்ளையுமாகப் புல்லை மூடிவிடுகின்றன.

குரோக்கஸை நின்று பார்ப்பதற்கு நேரம் கொடுங்கள். மேகமும் குளிருமாக இருக்கும்போது ஆறு இதழ்களையும் இறுகக் கூப்பி, புல்லோடு புல்லாக அது நிற்கும். வெயில் விழுந்து சற்றுச் சூடேறியதும், இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட விரைவாக வளர்ந்து நீள்வதால், மெல்ல மெல்ல விரிந்து ஆழமான கிண்ணம் போலாகிவிடும். அப்போது குனிந்து பார்த்தால் நடுவில் செம்மஞ்சள் நிறத்தில், பூவின் பெண்பாகத்து நுனியான சூல்முடி தெரியும். பாலிலும் கேசரியிலும் இடுகிற குங்குமப்பூ, இதே குடும்பத்தில் இலையுதிர்காலத்தில் பூக்கும் இன்னொரு குரோக்கஸின் சூல்முடிதான். இதைச் சொன்னதும் முன்பின் அறியாத அந்தப் பூவை எங்கள் அம்மாமார் பார்க்கிற பார்வையே மாறிவிடும். கோயில் வாசலில் ஒரு கிராம் என்ன விலை, ஒரு கிராமுக்கு எத்தனை பூ வேண்டும் என்று பேச்சுத் தொடங்கிவிடும். அந்தப் பேச்சுக்காகவே குழுவைச் சிறிதாக வைத்திருங்கள் என்கிறேன்.

கமீலியாச் செடிகளும் அதே நாட்களில் பூக்கின்றன. தடித்த, பளபளப்பான, விளிம்பில் நுண்ணிய பற்கள் கொண்ட அதன் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது தேயிலை மாதிரி இருக்கிறதே என்று மலையகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் சொன்னால் அது சரியே. தேயிலையும் கமீலியா இனத்தைச் சேர்ந்ததுதான். ஊரைவிட்டு வந்து அரை நூற்றாண்டு ஆனவர்களின் விரல்களுக்கும் அந்த இலை மறந்திருக்காது. இவ்வாறு தங்களுக்குத் தெரிந்த ஒன்றை அந்நிய நிலத்தில் தாங்களே கண்டுபிடிப்பதும், அதைப் பக்கத்தில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்வதும், பிள்ளைகளின் மொழிபெயர்ப்பில் காலத்தைக் கழிக்கும் மூத்தோருக்கு எத்தகைய நிமிர்வைத் தருகிறது என்பதைப் பார்த்தவர்களே அறிவார்கள். மார்ச் மாதம் நகர நகர டஃபடில்களும், அவற்றைத் தொடர்ந்து இலைகள் வருமுன்னரே பெரிய வெண்பூக்களை ஏந்தும் மக்னோலியா மரங்களும், ஏப்ரலில் செர்ரியும் வரும். ஒவ்வொரு வாரமும் போகச் சொல்வது இதனால்தான். சென்ற வாரம் மொட்டாக இருந்தது இன்று என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும் என்ற ஆவல், அடுத்த வாரம் வரை ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும்.

குளிர் தாங்காதவர்களுக்கு விக்டோரியா வாயிலுக்கு அருகிலேயே 1844-க்கும் 1848-க்கும் இடையில் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய பாம் ஹவுஸ் இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரில் வாழை நிற்கும். ஈரமண் வாசனையும், மேலே கண்ணாடியைத் தொடுகிற ஓலைகளும், வாழையிலையிலிருந்து சொட்டும் நீரும் அவர்களிடம் செய்வதை நான் விவரித்து எழுதினால் மிகையாகத் தோன்றும். ஒருமுறை கூட்டிச் சென்று பாருங்கள். திருத்த வேலைகளுக்காக அது மூடப்பட்டிருக்கும் காலங்களில், 1987-இல் திறந்த வேல்ஸ் இளவரசி கண்ணாடி இல்லத்துக்குப் போகலாம். பெப்ரவரியில் தொடங்கும் ஓர்க்கிட் விழா அங்கேதான் நடைபெறுவதால் வார இறுதிகளில் அங்கே கூட்டம் நெரியும். வார நாள் முற்பகல் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கியூவில் ஒரு மரத்தைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. 1798-இல் நட்ட டேர்னர் ஓக் மரம், நூற்றுத்தொண்ணூறு ஆண்டை எட்டும் நேரத்தில் வாடத் தொடங்கியிருந்தது. 1987 ஒக்டோபரில் தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் கியூவில் மட்டும் ஏறத்தாழ 700 மரங்களைச் சாய்த்தது. இந்த ஓக்கை வேரோடு கிளப்பி, மீண்டும் அதே இடத்தில் இருத்திவிட்டது. பிழைக்காது என்று எண்ணி, முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, வேறு மரங்களை அகற்றப் போனார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து பார்த்தபோது, அது முன்பு இருந்ததைவிடச் செழித்து நின்றது. பார்வையாளர்களின் கால்பட்டுக் கால்பட்டு இறுகிப்போன மண்ணில் மூச்சுவிட முடியாமல் இருந்த வேர்களைப் புயலின் உலுப்பல் விடுவித்திருக்கிறது என்று கியூவின் மர வல்லுநர்கள் உணர்ந்தார்கள். அதன் பின்னர், முதிய மரங்களைச் சுற்றி இறுகிய மண்ணுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தளர்த்துவது அங்கே ஒரு பராமரிப்பு முறையாகவே வளர்ந்தது. முதுமையால் வாடுகிறது என்று எல்லோரும் நினைத்த மரத்துக்கு, உண்மையில் தன்னைச் சுற்றி மண் இறுகிப்போனதுதான் குறையாக இருந்தது. எங்கள் வீடுகளில் வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் சொல்லிக் கடந்துபோகிறவற்றை இந்த மரத்தின் முன் நின்று ஒருமுறை எண்ணிப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கியூவின் வழமையான நுழைவுக் கட்டணம் குறைவானதன்று. ஆனால் வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான பென்ஷன் கிரெடிட், யுனிவர்சல் கிரெடிட் ஆகிய அரச உதவிகளைப் பெறுகிறவர்களுக்கு 2022-இலிருந்து ஒரு பவுண் சீட்டு நடைமுறையில் உள்ளது. எங்கள் மூத்தோரில் கணிசமானோர் பென்ஷன் கிரெடிட் உதவியைப் பெறுகிறார்கள், அல்லது தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை நிரப்ப உதவுவது சங்கங்கள் செய்யக்கூடிய இன்னொரு நல்ல காரியம். சமூகக் குழுக்களுக்கென்று கியூவில் தனித் திட்டமும் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் கேட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலியும் அங்கே இலவசமாகக் கிடைக்கும். போகுமுன் கியூவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போக்குவரத்துக்கு, லண்டன் மூத்தோருக்கான இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் வைத்திருப்போர் வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பின் பேருந்திலும் நிலக்கீழ் ரயிலிலும் கட்டணமின்றிச் செல்லலாம். ஈஸ்ட்ஹாமில் இருப்பவர்கள் ரிச்மண்ட் செல்லும் டிஸ்ட்ரிக்ட் ரயிலில் ஏறினால், மாறி ஏற வேண்டிய தேவையே இல்லாமல் கியூ நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து விக்டோரியா வாயில் சில நிமிட நடைதான். ஈலிங் பக்கத்தவர்களுக்கு 65-ஆம் இலக்கப் பேருந்து இருக்கிறது.

கியூ தூரமாக இருப்பவர்கள் அதற்காக நடையைக் கைவிட வேண்டாம். ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க் பகுதி மக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வெஸ்ட்ஹாம் பார்க் இருக்கிறது. 1762-இல் ஜோன் ஃபொதர்கில் என்ற வைத்தியர் அந்த நிலத்தை வாங்கி, கியூவுக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்ட தாவரவியல் தோட்டத்தை அங்கே வளர்த்தார். 1874-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்தப் பூங்காவில் அலங்காரப் பூந்தோட்டம் இன்றும் பேணப்படுகிறது, நுழைவுக்குக் காசும் இல்லை. எங்கள் கடைகளிலிருந்து மரக்கறிப் பையோடு நடந்து போகக்கூடிய இடம். அதற்குள் ஒருமுறையும் நுழையாதவர்கள் எத்தனையோ பேர். ஹரோ, கென்ரன் பக்கத்தவர்களுக்குக் கெனன்ஸ் பார்க்கில் மதில் சூழ்ந்த ஐந்தாம் ஜோர்ஜ் நினைவுத் தோட்டம் உண்டு. மதில் குளிர்காற்றைத் தடுப்பதால் அங்கே மூத்தோர் கூடுதல் நேரம் உட்கார்ந்திருக்க முடியும். கிங்ஸ்டன், நியூ மோல்டன், டொல்வேர்த் பகுதிகளில் இருப்போர் ரிச்மண்ட் பூங்காவுக்குள் இருக்கும் இசபெல்லா தோட்டத்துக்குப் போகலாம். 1953-இல் பொதுமக்களுக்குத் திறந்த 40 ஏக்கர் மரச்சோலை அது. எல்லோரும் அங்கே மே மாதத்து அசேலியாவுக்காகவே போகிறார்கள். மார்ச்சில் கமீலியாவும் மக்னோலியாவும் பூத்திருக்கும்போது ஓடைக்கரைப் பாதைகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும்.

எப்படி நடத்துவது என்பதில் சில விடயங்களை மன்றாட்டமாகக் கேட்கிறேன். இதை ஒரு நிகழ்ச்சியாக்கிவிடாதீர்கள். பதாகை, ஒலிவாங்கி, தலைமையுரை, நன்றியுரை, வரிசையில் நிற்கவைத்து எடுக்கும் படம் ஆகியவை எதுவும் வேண்டாம். மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும். ஒவ்வொரு வாங்கிலும் உட்காருவது என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொண்டால், களைப்பு என்று சொல்ல ஒருவரும் வெட்கப்பட வேண்டியிராது. மலசலகூடம் எங்கே இருக்கிறது என்பதை முந்திய நாளே போய்ப் பார்த்து வைத்திருங்கள். வயதான பெண்கள் பலர் வெளியே வர மறுப்பதற்கு அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத முதற்காரணம் அதுதான். நீரிழிவு உள்ளவர்கள் நேரத்துக்குச் சாப்பிட ஏதாவது கையில் இருக்க வேண்டும். மார்ச் மாதத்துப் புல் ஈரமாக வழுக்கும். சீலையோடு காலுறையும் திறந்த செருப்புமாக வருகிறவர்களுக்கு, குதிக்காலை மூடிய, அடிப்பாகம் வழுக்காத சப்பாத்து வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் முன்பே சொல்லிவிடுங்கள். சீலையின் கரை நனையாமல் இருக்க, புல்லில் இறங்காமல் தார்ப்பாதையிலேயே நின்று பார்க்கலாம். பூக்களுக்கும் அதுவே நல்லது.

இன்னொன்றை எங்கள் ஆட்கள் மட்டுமே முன்கூட்டி எண்ணிப் பார்க்க முடியும். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் பல நாட்களில் கியூவின் மேலாகத் தாழப் பறக்கின்றன. போருக்குள் வாழ்ந்து வந்த ஒருவருக்கு அந்த இரைச்சல் என்ன செய்யும் என்பதை ஆங்கிலேய வழிகாட்டி ஊகிக்க மாட்டார். பூவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயார் பேச்சை நிறுத்தி, பக்கத்தில் இருந்தவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். விமானம் போகும் என்பதை நுழையும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுவதும், அத்தகையவர்களோடு தமிழ் பேசும் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நடப்பதும், இயலாதவர்களை வேறு பூங்காவுக்கு அழைத்துச் செல்வதும் நீங்கள் செய்யக்கூடியவை. பழைய நினைவுகள் கிளறுண்டால் அவற்றைக் கேட்க ஒரு காது வேண்டும். ஆறுதல் வார்த்தைகளை அடுக்க வேண்டியதில்லை.

குடும்ப வைத்தியர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையோடு சமூக நடவடிக்கைகளுக்கும் நோயாளிகளை அனுப்புவதற்கென்று இணைப்புப் பணியாளர்கள் 2019-இலிருந்து இங்கிலாந்தின் வைத்திய நிலையங்களில் நியமிக்கப்பட்டு வருகிறார்கள். 2021-இல் இயற்கை சார்ந்த செயல்களை மனநலத்துக்காகப் பரிந்துரைக்கும் முன்னோடித் திட்டம் ஒன்று ஏழு பகுதிகளில் தொடங்கப்பட்டு, அதற்கு 57 இலட்சம் பவுணுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. இந்தப் பணியாளர்களுக்கு எங்கள் மூத்தோரை அனுப்ப விருப்பம் இருந்தாலும், தமிழில் பேசி அழைத்துச் செல்லும் குழு எதுவும் அவர்களுடைய பட்டியலில் இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்? உங்கள் சங்கத்தின் பெயரும் நடக்கும் நாளும் அந்தப் பட்டியலில் ஏறட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அடிக்கடி விழுதல் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்பதையும் அறிவித்தலில் போடுங்கள்.

தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை மண்டபத்து மூலையிலும் காருக்குள்ளும் காத்திருக்கும் தாத்தா பாட்டிமாரை நீங்கள் வாரந்தோறும் பார்க்கிறீர்கள். அந்த இரண்டு மணிநேரத்தில் பக்கத்துப் பூங்காவுக்கு ஒரு சுற்றுப் போய்வரலாம். டியூக் ஒஃப் எடின்பரோ விருதுக்குத் தொண்டுப் பணி செய்தாக வேண்டிய உயர்வகுப்பு மாணவர்கள் உங்களிடமே இருக்கிறார்கள். பெப்ரவரி இடைவிடுமுறையில் வார நாட்களிலும் அவர்களால் வர முடியும். புத்தகத்தில் பூவின் பாகங்களைப் படித்த பிள்ளை அம்மம்மாவுக்குக் குரோக்கஸின் சூல்முடியைக் காட்டட்டும். அம்மம்மா அதற்குச் செவ்வரத்தம்பூவின் மகரந்தத் தண்டைப் பற்றித் தமிழில் சொல்லட்டும். வகுப்பறையில் நாம் தேடித் தேடி உண்டாக்க முயலும் உரையாடல் அங்கே தானாக நடக்கும்.

அவர்கள் வரமாட்டார்கள், குளிர் என்று சொல்லுவார்கள் என்ற மறுப்பு உங்கள் கூட்டத்தில் எழும். சுற்றறிக்கையிலோ குழுச் செய்தியிலோ அழைத்தால் வரமாட்டார்கள்தான். நேரில் போய், நீங்கள் வந்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டால் வருவார்கள், ஏனென்றால் வாழ்நாளெல்லாம் பிறருக்கு உதவியாக இருந்து பழகியவர்கள் அவர்கள். முதல் வாரம் மூன்று பேர் வந்தாலும் அது தோல்வியாகாது. மழை பெய்தால் கண்ணாடி இல்லத்துக்குள் இருந்துவிட்டு வரலாம்; நடையை ரத்துச் செய்ய வேண்டாம், ஏனெனில் ஒருமுறை ரத்தானால் மறுவாரம் அழைப்பது இரு மடங்கு கடினமாகிவிடும். சங்கத்தின் காப்புறுதி வெளிநடைகளையும் உள்ளடக்குகிறதா என்று பொருளாளர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலான சங்கங்களின் ஆண்டுக் கணக்கும் திட்டமும் தைப்பொங்கலை ஒட்டிய கூட்டங்களில் தீர்மானிக்கப்படுகின்றன. குரோக்கஸ் மார்ச் நடுப்பகுதியைத் தாண்டி நிற்காது என்பதால், பங்குனிக் கூட்டத்தில் எடுத்துப் பேசலாம் என்று ஒத்திவைத்தால் இந்த ஆண்டும் போய்விடும். ஆகவே தை மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேர்த்து, எந்தப் பூங்கா, எந்த நாள், யார் பொறுப்பு என்ற மூன்றையும் அன்றே முடிவுசெய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கியூவிலோ வெஸ்ட்ஹாமிலோ நடப்பதற்கு இலகுவான பாதையையும், வாங்குகள் இருக்கும் இடங்களையும் உங்கள் தொண்டர்களுக்கு நேரில் காட்ட வேண்டுமானால், வார நாளொன்றில் காலை பத்து மணிக்குப் பின் எப்போது அழைத்தாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மூத்தோர் நலனில் அக்கறை கொண்ட ஒரு லண்டன் தமிழன்